பன்னிரண்டு கோடி ரூபாய்ச் சட்டை

ஜனவரி 6

சர்க்கரை 196.

தினமும் காலையில் அளவெடுத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். அளவுக்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. நல்ல வழவழப்பான காகிதம், வீணாக்க மனம் வரவில்லை, எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர் என் கையெழுத்தைக் காட்டித்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் திட்டுவார்.

இந்த டைரியின் அட்டையில் திருக்கை மீன் படம். கீழே 'வங்கக்கடல் எஃப்.சி.' என்று நீல எழுத்து. சென்னையின் பெரிய கால்பந்து கிளப். என் மகள்வயிற்றுப் பேத்தி அன்சி அங்கே கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கூடத் தங்கியிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால், "பிள்ளைக்குத் துணையா கொஞ்ச நாள் இரும்மா" என்று குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் போனில் அழுதாள். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து சாக்குப் பையும் கருவாட்டுப் பொட்டலமுமாக வந்து இறங்கி இருபது நாளாகிறது.

அந்தக் கணக்குப் பிரிவில் மூன்று பேர். அதில் அன்சி இரண்டாவது ஆள். பக்கத்து வீட்டுக்காரி கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன்.

ஜனவரி 9

சர்க்கரை 188. இங்கே சாளை மீன் கிலோ முந்நூற்றைம்பது. கண்ணெல்லாம் குழிவிழுந்து செத்து நாலு நாளானது. விற்றவனிடம் அதைச் சொன்னேன். இனிமேல் அந்தக் கடைக்குப் போக முடியாது.

ஜனவரி 12

சர்க்கரை 191.

முதல் ஆட்டம் பார்த்தேன். ஊழியர் வீட்டாருக்கு முதலாளி குடும்பத்துக்குப் பின்வரிசையில் இடம். அன்சி என்னை உட்கார வைத்துவிட்டு டிக்கெட் கணக்கு பார்க்கப் போனாள்.

எனக்கு நேர் முன்னால் ஒரு அம்மாள். கண்டாங்கிச் சேலை, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. எல்லாரும் வந்து "பெரியம்மா, பெரியம்மா" என்று கும்பிட்டுப் போனார்கள். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. ஆட்டம் தொடங்கியதும் திரும்பி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, நம்ம பசங்க எந்தப் பக்கமுங்க ஒதைக்கோணும்?"

எங்கள் கரையில் நடக்கப் படிக்கும்போதே பந்து உதைப்பார்கள். என் தம்பிமார் நாலு பேரும் சந்தோஷ் கோப்பைக்கு ஆள் எடுக்கும் இடம்வரை போனவர்கள். நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஆஃப்சைடு மட்டும் அவருக்கு ஏறவில்லை. "முன்னாடி போய் நின்னா தப்புங்களா? சோம்பேறியாப் பின்னாடி நின்னா தப்பில்லீங்களா?" என்றார்.

அவர் முதலாளி பூபதியின் அம்மா என்று இடைவேளையில்தான் தெரிந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம். வயது எழுபத்திரண்டு, என்னைவிட நாலு மூப்பு. பெயர் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னார்: முத்துவேலாத்தாள்.

"எம் பேரு பெர்பேத்து" என்றேன்.

"அது எந்த ஊர்ப் பேருங்க?"

"ரோமாபுரிப் பேரு அக்கா. ரெண்டாயிரம் வருசத்துப் பழசு."

"அப்ப என்னையக் காட்டியும் மூத்தவீக" என்று சிரித்தார். வாழையிலையில் சுற்றிய ஒப்புட்டு கொடுத்தார், அவர்கள் ஊர் இனிப்புப் போளி. பாதிதான் தின்றேன்.

மூன்றுக்கு ஒன்று. ஜெயித்தோம்.

ஜனவரி 13

சர்க்கரை 241. மிஷின் சரியில்லை.

ஜனவரி 17

சர்க்கரை 199.

இன்று மீன் குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அன்சியிடம் கேட்டேன், "ஒனக்கு என்ன வேலைதான் மக்களே, விளங்கும்படி சொல்லு."

அவள் விளக்கினாள். லீக்கில் ஒரு சட்டம். கிளப்புக்கு நூறு ரூபாய் வருமானம் வந்தால் அறுபது ரூபாய்க்குள் ஆட்டக்காரர், கோச் சம்பளம் எல்லாம் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் புள்ளியைக் கழிப்பார்கள்.

"முதலாளிகிட்ட பணம் கெடக்கு, அவன் குடுக்கான். அதுல இவங்களுக்கு என்ன?"

"முதலாளி நாளைக்குச் சலிச்சுப்போய் எழும்பிப் போனா, ஆட்டக்காரன் சம்பளம் யாரு குடுப்பா பாட்டி? முன்ன ஒரு கிளப்பு அப்பிடித்தான் பூட்டிட்டுப் போச்சு. இருபத்தாறு பயலுவ ஏழு மாசம் சம்பளமில்லாம நின்னானுவ. அதுக்குத்தான், சொந்தமா வர்ற வருமானத்துல வாழுன்னு சட்டம்."

அதற்குத்தான் வருமானக் கணக்கு. டிக்கெட், டிவி, விளம்பரம் எல்லாம் சேர்த்து முப்பது கோடி. சம்பளம் பதினெட்டு கோடி. சரியாக அறுபது.

"கொள்ளாமே, நல்லா இழுத்துப் பிடிச்சிருக்கீங்க" என்றேன்.

அவள் துருவியை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "இதுல சட்டையில நெஞ்சுல எழுதுற விளம்பரம் மட்டும் பன்னிரண்டு கோடி பாட்டி. பூம்பொழில் டைல்ஸ். போன வருசம் அதே இடத்துக்கு ஒரு குக்கர் கம்பெனி ரெண்டு கோடிதான் தந்துச்சு."

நெஞ்சில் நாலு எழுத்து எழுதப் பன்னிரண்டு கோடி. நான் நாற்பது வருடம் தலையில் மீன் சுமந்தேன். நெற்றியில் எழுதிக்கொள்ள யாராவது இருநூறு ரூபாய் கொடுத்திருந்தால் எழுதியிருப்பேன்.

ஜனவரி 26

சர்க்கரை அளக்க மறந்துவிட்டேன்.

ஆட்டம். வேலாத்தா அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். எதிரணி மலைப்பக்கத்துச் சின்ன கிளப். எல்லாம் உள்ளூர்ப் பையன்கள், மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் கொடுத்துவிடுவார்களாம், அன்சி சொல்லியிருந்தாள். ஐந்துக்குப் பூஜ்யம். நம் பிரேசில்காரன் ஒருவனே மூன்று. அந்தக் கோல்கீப்பர் பையன் ஐந்தாவது பந்தை வலையிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றான். ஆட்டத்தில் விறுவிறுப்பில்லாததால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் கரையில் ஏலம் நடக்கும் கதையைச் சொன்னேன். மீன் கூறு போட்டதும் ஏலக்காரர் விலை கூவுவார். சுற்றி நிற்கும் வியாபாரிப் பெண்கள் ஏற்றிக் கேட்பார்கள். என் சூசை அண்ணனின் வள்ளம் கரையேறும் நாளில் நானும் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பேன். எனக்கு மீன் வேண்டாம். ஆனாலும் "எழுநூறு", "எண்ணூறு" என்று ஏற்றி விடுவேன். தங்கச்சிதான் கேட்கிறாள் என்று வெளியூர்க்காரிகளுக்குத் தெரியாது. விலை ஏறியதும் நைசாக நழுவிவிடுவேன். எனக்கே கடைசியில் விழுந்துவிட்டால் அண்ணன் மீனை அண்ணனுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்கூட்லயும் அதே கதைதானுங்க அம்மிணி! சட்டையில போட்டுருக்கறாங்களே, பூம்பொழிலு, அது என்ற கம்பெனிங்க. என்ற பேர்லதான் இருக்குது. பையன் காயிதம் கொண்டாருவான், நான் கையெழுத்துப் போடுவேனுங்க. நம்ம காசு, நம்ம கிளப்பு. இந்தச் சோப்புலருந்து எடுத்து அந்தச் சோப்புல வெக்கறதுதானுங்களே."

சட்டைப்பைக்கு அவர்கள் ஊரில் சோப்பு என்று பேர். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை! தன் பெயரில் ஒரு கம்பெனி இருப்பதை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது அன்சியிடம் இதைச் சொன்னேன். என் சிநேகிதி சாதாரண ஆளில்லை என்று காட்டத்தான் சொன்னேன்.

"அவுங்க பேரு என்ன சொன்ன பாட்டி?"

"முத்துவேலாத்தாள்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். சோறு பிசைந்த கை அப்படியே காய்ந்துபோக உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 29

சர்க்கரை 204.

மூன்று நாளாக அன்சி சரியாகச் சாப்பிடவில்லை. விரால் வறுத்தேன், முட்டை வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. இன்று தானாக வந்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்தாள்.

கம்பெனிக் காகிதத்தில் உரிமையாளர் 'ப. முத்துவேலாத்தாள், கோவை' என்று இருக்கிறது. ஆபீசில் அவளோ மற்றவர்களோ அந்தப் பெயரைக் கண்டு எதுவும் நினைக்கவில்லை. அவர்களுக்கு அந்த அம்மாள் வெறும் பெரியம்மா. அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

"தெரிஞ்சா என்ன மக்களே?"

"சொந்தக்காரங்க கம்பெனி குடுத்தா அதைச் சொல்லணும் பாட்டி. சொன்னா, வெளியில ஒருத்தன் எவ்வளவு குடுப்பானோ அவ்வளவுதான் வருமானம்னு லீக்கு எடுத்துக்கும். ரெண்டு கோடி. அப்ப மொத்தம் இருபது. அதுல அறுபது பங்கு பன்னிரண்டு. நாங்க பதினெட்டு குடுக்கோம். ஆறு கோடி கூடுதல்."

"சொல்லாட்டா?"

"படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. விளம்பரம் தர்றவங்க உரிமையாளருக்கு உறவா? ஆம், இல்லை. தயாரிச்ச ஆள் நான். எனக்க கையெழுத்துதான் அதுக்குக் கீழ. பத்தாம் தேதி கடைசி."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பிப்ரவரி 3

சர்க்கரை 222.

கணக்குப் பிரிவின் தலைவர் தினகர் சார் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டார், என்னை அம்மா என்றார். முந்திரி கத்லி ஒரு கிலோ. நான் காப்பி போடும்போது பேசியது எல்லாம் கேட்டது. ஒற்றை அறை வீடு, கேட்காமல் இருக்க வழியில்லை.

"அன்சி, நீ யார்ட்டயோ வதந்தி கேட்டுட்டு வந்து கொழப்பிக்கிறே. காகிதத்துல இருக்கறத வெச்சு நாம எழுதறோம். அவ்ளோதான் நம்ம வேலை."

"வதந்தி இல்ல சார். அவங்களே சொன்னாங்க."

"யார்கிட்ட?"

காப்பியோடு நான் போய் நின்றேன். தினகர் சார் என்னைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார்.

"ஏப்ரல்ல நான் வேற எடத்துக்குப் போறேன்மா" என்று என்னிடமே சொன்னார். "இந்தச் சீட்டு உங்க பேத்திக்குத்தான்னு முதலாளி சொல்லிட்டார். சம்பளம் இரண்டு மடங்கு. இருபத்தேழு வயசுல யாருக்குக் கெடைக்கும்?"

பிப்ரவரி 4

சர்க்கரை எழுதப் போவதில்லை, அந்தக் கத்லி வீட்டில் இருக்கும்வரை.

நான் அன்சியிடம் சொன்னேன், "போட்டுரு மக்களே. ஊர்ல ஒலகத்துல எல்லாரும் செய்யுறதுதான்."

"நீ செஞ்ச மாதிரியா?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். நான் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன். விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினேன்.

பிப்ரவரி 6

சர்க்கரை 207.

மத்தியானம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது சிசிலியின் ஞாபகம் வந்தது. முப்பது வருடமாக வராத ஞாபகம்.

சிசிலி பக்கத்து ஊர்க்காரி, புருஷன் இல்லாதவள். அண்ணன் வள்ளத்தில் நெய்மீன் வந்த ஒரு நாள் அவளும் நானும் மாறி மாறி ஏற்றிக் கேட்டோம். எனக்கு வேண்டாத மீன். நான் நாலாயிரம் என்றேன். அவள் நாலாயிரத்து இருநூறு என்றாள். நான் வழக்கம்போல நழுவினேன். அன்றைக்கு எல்லாக் கரையிலும் வலை கொள்ளாத மீன் பாடு. சந்தையில் விலை சரிந்துவிட்டது. சாயங்காலம் வெயில் ஆறின பிறகும் அவள் பஸ் நிறுத்தத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்ததை நான் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்தேன். அண்ணன் எனக்கு அன்று ஒரு சேலை வாங்கித் தந்தான். பச்சையில் மஞ்சள் பூ.

இதை அன்சியிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வியாபாரத்தில் நடப்பதுதான்.

நெத்திலி பாதி ஆய்ந்ததை மூடி வைத்துவிட்டேன். அந்தக் கோல்கீப்பர் பையன் நின்ற நிலை கண்ணிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 7

சர்க்கரை 190.

காலையில் அன்சியிடம், எனக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றேன். இங்கே கடல் நாற்றம் சரியில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கோயிலில் தமிழ்ப் பூசை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள் என்றெல்லாம் காரணம் சொன்னேன்.

"நான் போயிட்டா இந்த வீடு என்னத்துக்கு? மாசம் இருபத்திரண்டாயிரம் வாடகை. நீ ஒரு ஹாஸ்டல்ல இருந்துக்க, எட்டாயிரத்துல முடியும். வேலை இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு. ஆறு மாசம் தாக்குப் பிடிக்கலாம்."

அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டி, நேத்து நீ மாடியில வைக்கக் கறிவேப்பிலைச் செடி வாங்கிட்டு வந்தியே. எதுக்கு?"

"சும்மா. மலிவா கெடச்சுது."

"எனக்க கிட்ட கள்ளம் சொல்ல ஒனக்குத் தெரியல" என்று என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

எனக்கு உண்மையிலேயே ஊருக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 10

அன்சி 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். கத்லி டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். நான் எடுத்தது போக எட்டுத் துண்டு இருந்தது.

பிப்ரவரி 15

சர்க்கரை 201.

அன்சியின் பாஸ் இன்னும் செல்லும். ஆட்டத்துக்கு நான் மட்டும் போனேன். வேலாத்தா அக்கா ஒப்புட்டைப் பிரித்து நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, நீங்க அன்னைக்குக் கம்பெனி பத்திச் சொன்னத நான் எனக்க பேத்திகிட்ட சொன்னேன். அவ அத லீக்குக்கு எழுதிட்டா. ஒங்க மகனுக்குக் கஷ்டம் வரும். சொன்ன வாய் எனக்க வாய்தான்."

அவர் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதியும் பாதி போனது. நம் பையன்கள் கோல் போட்டபோது எல்லாரும் எழுந்தார்கள், நாங்கள் எழவில்லை.

கடைசியில் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "பதினாறு வருசமா அந்தக் கம்பெனி என்ற பேர்ல இருக்குதுங்க. எங்கூட்டுல ஒருத்தருகூட அதப்பத்தி என்றகிட்டப் பேசுனதில்லீங்க. கையெழுத்துக்கு எடத்த மட்டும் வெரல்ல காட்டுவாங்க. நீங்க கதை சொன்னீங்க, நானும் சொல்லோணும்னு ஆசப்பட்டேனுங்க. அவ்வளவுதானுங்க அம்மிணி."

எழுந்து போய்விட்டார். ஒப்புட்டு என் கையிலேயே இருந்தது. தின்னவில்லை. டாக்டருக்காக இல்லை.

பிப்ரவரி 28

சர்க்கரை 185.

லீக் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆறு புள்ளி கழித்தார்கள். இந்த வருடம் இனி புது ஆள் எடுக்கக்கூடாது. மூன்றாம் இடத்தில் இருந்த கிளப் எட்டாம் இடத்துக்கு இறங்கியது. பிரேசில்காரனை விடுவிக்கிறார்களாம்.

அன்சியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். 'பிரிவைச் சுருக்குகிறோம்' என்று கடிதம். அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இதில் ஒரு எண் தப்பாக இருக்கிறது, மூன்று நாள் சம்பளம் குறைகிறது என்றாள். திருத்தி அனுப்பினாள்.

மகள் குவைத்திலிருந்து போனில், "நீ கூட இருந்தும் இப்பிடி ஆச்சே" என்றாள். நான் கூட இருந்ததால்தான் இப்படி ஆனது என்று சொல்லவில்லை.

மார்ச் 4

சர்க்கரை 179.

பை கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. அன்சி நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இரண்டு இடத்தில் முன்பு இருந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் பிறகு கூப்பிடுகிறோம் என்றார்களாம்.

பத்து மணிக்குப் போன் வந்தது.

"ஏனுங்க அம்மிணி, வேலாத்தா பேசறேன்."

"சொல்லுங்க அக்கா."

"லீக்கு ஆபீசுலருந்து என்ற வீட்டுக்கு ஆளு வந்தாங்கள்ல, அன்னிக்கு. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லச் சொன்னான் பையன். நான் ஆமாங்க, என்றதுதானுங்கன்னுட்டேன். வயசான காலத்துல என்றத என்றதில்லைன்னு எப்புடிச் சொல்றது? ஒரு வாரமாப் பையன் என்றகிட்டப் பேசறதில்லீங்க."

"மன்னிச்சிருங்க அக்கா."

"அதுக்குக் கூப்புடுலீங்க. ஒங்க பேத்திக்கு வேல போச்சுன்னு கேள்விப்பட்டேன். என்ற கம்பெனிக்குக் கணக்குப் பாக்க ஒரு ஆளு வேணுமுங்க. காயிதத்தப் படிச்சு என்றகிட்ட அர்த்தஞ் சொல்ற ஆளு. கம்பெனி என்ற பேர்லதானுங்களே இருக்குது? அப்ப ஆளு வெக்கறதுக்கும் எனக்கு ரைட்டு இருக்கோணுமில்லீங்க?"

அன்சியிடம் போனைக் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே சுவர் ஓரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"உங்க மகன் ஒத்துக்கமாட்டாரே பாட்டி?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அன்சி உடனே, "நாளைக்கே வர்றேன்" என்றாள்.

மார்ச் 9

சர்க்கரை 172.

அன்சிக்கு இது ஐந்தாம் நாள். இன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா அப்படிச் சொல்லிவிட்டாராம்.

சென்னையில் அக்கா இருக்கும் பெரிய வீடு, கூடத்தில் மார்பிள் தரை, அதன்மேல் கோரைப்பாய். பாயில் ஒரு அடுக்குக் காகிதம். பதினாறு வருடக் கையெழுத்துகள். அன்சி ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னாள். அக்கா இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ஓரிடத்தில் நானும் கேட்டேன். இப்படி மூன்று மணி நேரம். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. தன் பெயரில் நாலு லாரியும் உடுமலைப் பக்கம் ஒரு மண் குவாரியும் இருப்பது அக்காவுக்கு இன்றுதான் தெரிந்தது.

கடைசியில் புதுக் காகிதம் ஒன்று. அடுத்த வருடம் கிளப்புச் சட்டைக்கு விளம்பரம், பன்னிரண்டு கோடி. பூபதி காலையில் டிரைவரிடம் கொடுத்தனுப்பியது. கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

அக்கா பேனாவை எடுத்தார்.

"ரெண்டு கோடின்னா ஞாயமுங்களா கண்ணு? ஆரும் குத்தஞ் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்க பாட்டி. உறவுன்னு எழுதிட்டு, ரெண்டு கோடின்னு போட்டா முழுசா ஏத்துப்பாங்க."

"அப்ப பன்னெண்ட அடிச்சுட்டு ரெண்டுன்னு எழுது. கிட்டத்துல உறவுன்னும் எழுது. அம்மான்னே எழுது."

அன்சி எழுதினாள். அக்கா குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, காகிதம் அழுந்தக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். மூன்று முறை மணி அடித்து நின்றது. நாலாவது முறை எடுத்தார் பூபதி.

"சாப்ட்டியா சாமி?" என்றுதான் முதலில் கேட்டார் அக்கா.

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அக்கா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு கை என் முழங்கால்மேல் இருந்தது.

"செரி, செரி. எளைச்சுப் போயிருக்கறயாமா, டிரைவரு சொன்னான். ராத்திரிக்கு வா, களி கிண்டி வெக்கறேன். வந்துரு." நிறுத்தினார். காகிதத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்புறம் சாமி, ரெண்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டுருக்கறேன். பசங்கள அதுக்குள்ள வெளையாடச் சொல்லு."